டீசல் மிச்சமும் கிலோமீட்டர் கணக்கும்: பூன் லே வாகனமோட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பூன் லே, ஜூரோங் வெஸ்ட் வட்டாரத்தில் சிறிய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும், பழைய டீசல் கார் ஒன்றுக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்:

சிறிய டீசல் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட விலை கூடியது. கூடக் கொடுத்த பணத்தை எரிபொருள் மிச்சத்தில் எடுத்துவிடலாம் என்பதுதான் அதை வாங்குபவர்கள் சொல்லும் காரணம். இது சிலருக்கு முழு உண்மை, பலருக்குப் பொய்க்கணக்கு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், அவற்றை எப்படிப்பட்ட சாலையில் ஓட்டுகிறீர்கள். எண்ணெய் நிலையத்து விலைப்பலகை இவற்றில் ஒன்றையும் உங்களுக்குச் சொல்லாது.

அந்தப் பலகையில் டீசல் மலிவாகத் தெரிவதற்குப் பெருங்காரணம் தீர்வை. 2021 பிப்ரவரி முதல் 92, 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு, 98க்கும் அதற்கு மேலான ரகங்களுக்கும் 79 காசு தீர்வை விதிக்கப்படுகிறது. டீசலுக்கு 20 காசு. 92, 95 ரகங்களோடு ஒப்பிட்டால் தீர்வை வேறுபாடு மட்டுமே 46 காசு. இந்த இடைவெளி அரசு வைத்தது. அது நிலையாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2017 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு தீர்வை வந்தது. 2019 பிப்ரவரியில் அது இரட்டிப்பானது. 2021இல் பெட்ரோல் தீர்வை ஏறியதால் இடைவெளி மறுபடியும் விரிந்தது. பத்தாண்டு ஓட்டப்போகும் வண்டியை இப்படி ஏறி இறங்கும் ஓர் இடைவெளியை மட்டும் நம்பி வாங்குவது சரியாகாது.

நிலையத்தில் கொடுக்காத வரியை நீங்கள் வேறிடத்தில் கொடுக்கிறீர்கள். டீசல் காருக்குச் சாலை வரி போக ஒரு சிறப்பு வரியும் உண்டு. யூரோ 5, அதற்கு மேற்பட்ட புகைத் தரமுள்ள வண்டிக்கு அது ஆண்டுக்கு ஒரு சிசிக்கு 40 காசு என்று இருந்தது. லிட்டர் தீர்வை வந்தபோது 2017இல் நூறு வெள்ளியும், 2019இல் இன்னொரு நூறு வெள்ளியும் அதில் கழிக்கப்பட்டன. 1,600 சிசி வண்டிக்குக் கணக்குப் போட்டால் 640இல் 200 போக 440 வெள்ளி. வண்டி கீழே நின்றாலும் ஓடினாலும் இந்தப் பணம் போகும். அதே அளவு பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவே கிடையாது.

இனி கணக்கை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். கழிவெல்லாம் போக பெட்ரோல் லிட்டர் 2.85 வெள்ளி, டீசல் 2.50 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இவை கணக்குக்காக எடுத்த விலைகள். உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நகரச் சாலையில் சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் டீசல் கார் 19 கிலோமீட்டரும் கொடுத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 20 காசுக்குச் சற்று மேலும், டீசலில் 13 காசுக்குச் சற்று மேலும் செலவாகும். மிச்சம் கிலோமீட்டருக்கு 7 காசு சொச்சம். டீசலுக்குரிய எஞ்சின் எண்ணெய், எரிபொருள் வடிகட்டி, சில வண்டிகளுக்கு ஆட்புளூ திரவம் என்று பராமரிப்பில் ஆண்டுக்கு 200 வெள்ளி கூடுகிறது என்றால், சிறப்பு வரியையும் சேர்த்து 640 வெள்ளி. இதை ஈடுகட்டவே ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முதல் 9,000 கிலோமீட்டரில் உங்கள் பைக்கு ஒரு காசும் வராது. அதற்குப் பிறகுதான் மிச்சம் தொடங்குகிறது.

பூன் லேயில் குடியிருந்து, ஜூ கூனிலோ துவாஸிலோ வேலை பார்த்து, வார இறுதியில் மட்டும் தேக்காவுக்குப் போய்வரும் ஒருவர் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்றால் அவருக்கு டீசலில் நட்டம். 15,000 ஓட்டுபவருக்கு எல்லாம் போக 440 வெள்ளி அளவில் நிற்கும், மாதத்துக்கு 40 வெள்ளிகூட இல்லை. வாங்கும்போது பெட்ரோல் காரைவிட 5,000 வெள்ளி கூடக் கொடுத்திருந்தால் அதை எடுக்கப் பதினோரு ஆண்டு ஆகும். வாகன உரிமைச் சான்றிதழான சி.ஓ.இ.யின் ஆயுளோ பத்தாண்டு. 40,000 கிலோமீட்டர் ஓட்டும் தனியார் வாடகை ஓட்டுநருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. அவருடைய எரிபொருள் மிச்சம் ஆண்டுக்கு 2,800 வெள்ளியைத் தாண்டும்; வரியும் பராமரிப்பும் போனாலும் கையில் கணிசமாக நிற்கும். டீசல் அவருக்காகச் செய்யப்பட்ட எஞ்சின்.

டீசல் என்றால் சிக்கனம் என்ற நம்பிக்கை உங்களில் பலருக்கு வந்ததே டாக்சிகளைப் பார்த்துத்தான். டொயோட்டா கிரவுன், ஹியுண்டாய் சொனாட்டா, பிறகு ஹியுண்டாய் ஐ40 என்று இத்தீவின் டாக்சிகள் பல்லாண்டுகள் டீசலில்தான் ஓடின. ஆனால் அவை ஓடிய தூரத்தை நினைத்துப் பாருங்கள். 2017 தொடக்கத்தில் நீக்கப்படும் வரை, டாக்சி நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அளவுகோலே இருந்தது. இரண்டு பேர் மாறிமாறி ஓட்டியதால் எஞ்சின் சூடு ஆறாமல் ஓடியது. டாக்சிக்குப் பலித்தது குடும்ப வண்டிக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. அந்த டாக்சி நிறுவனங்களே பிறகு டொயோட்டா பிரியஸ், ஹியுண்டாய் ஐயோனிக் என்று ஹைபிரிட்டுக்கு மாறிவிட்டன என்பதையும் கவனியுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. இந்தியாவில் 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீங்கவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் மாருதியின் டீசல் ஸ்விஃப்ட் காருக்கு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட்டதும் இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைத் தரம் கட்டாயமானபோது மாருதி சுசுகி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சிறிய காரில் அந்தத் தரத்துக்கான கருவிகளைப் பொருத்தினால் விலை ஏறும், அந்த விலையைச் சிறிய கார் வாங்குபவர் தரமாட்டார் என்பதே அந்த நிறுவனம் கண்ட கணக்கு. தம்பியோ மைத்துனரோ ஊரில் டீசல் வண்டி வாங்கிச் சிக்கனமாக ஓட்டியது உண்மையாக இருக்கலாம். அவர் வாங்கிய காலமும் விலையும் இப்போது இல்லை.

சிங்கப்பூரில் சிறிய டீசல் கார் பரவியதற்கும் காரணம் தனி. 2013இல் வந்த கரிம வெளியேற்றத் திட்டம் கரியமில வாயுவை மட்டும் அளந்தது. டீசல் எஞ்சின் குறைவாக எரிபொருள் குடிப்பதால் அந்த வாயுவும் குறைவு. எனவே தள்ளுபடி கிடைத்தது. 2015 ஜூலைக்குப் பிறகு மிகத் தூய்மையான வண்டிகளுக்கு அது 30,000 வெள்ளி வரை போனது. இன்னொரு வசதி ஏ பிரிவு சி.ஓ.இ.யில் இருந்தது. 2014 பிப்ரவரி முதல் அந்தப் பிரிவுக்கு 1,600 சிசி, 97 கிலோவாட் என்ற இரட்டை வரம்பு. திறன்தான் அளக்கப்பட்டது, முறுக்குவிசை அளக்கப்படவில்லை. பெஜோ 308இன் 1.6 லிட்டர் டீசல் எஞ்சின் 120 குதிரைத்திறனோடு வரம்புக்குள் நின்றபடியே 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. அதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் அதில் பாதியை ஒட்டித்தான் தரும். குடும்பத்தோடு ஏறிக்கொண்டு இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாக மலாக்காவுக்குப் போகிறவருக்கு இந்த வேறுபாடு கால் மிதியிலேயே தெரியும். ரெனோ ஃப்ளுவன்ஸ், சித்ரோயன் சி4 பிகாசோ, பிஎம்டபிள்யூ 216டி போன்றவை அப்படித்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்துமிடங்களுக்கு வந்து சேர்ந்தன. டீசலின் உண்மையான நிறை இது, மறுக்க வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் அளவுகோல் மாறியது. புதிய வாகன வெளியேற்றத் திட்டம் கரியமில வாயுவோடு ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள் என ஐந்தையும் பார்த்து, அவற்றில் மிக மோசமானதை வைத்து வண்டியின் பிரிவைத் தீர்மானித்தது. தள்ளுபடி பெற்ற இனம் கூடுதல் கட்டணம் செலுத்தும் இனமாகியது. 2021இல் அந்தக் கட்டணம் சி1 பிரிவுக்கு 15,000 வெள்ளி, சி2 பிரிவுக்கு 25,000 வெள்ளி ஆனது. கடைசியாக 2025 தொடக்கத்திலிருந்து புதிய டீசல் கார், டாக்சி எதையும் பதிவுசெய்ய முடியாது. ஆகவே இன்று உங்கள் முன் இருப்பது பழைய டீசல் கார் மட்டுமே. 2015 முதல் 2017 வரை தள்ளுபடிக் காலத்தில் பதிவான வண்டிகளின் பத்தாண்டு முடியும் நேரமும் இதுதான்.

பழைய டீசல் வண்டி என்றதும் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் டிபிஎஃப் என்று சொல்லும் கரித்துகள் வடிகட்டி. எஞ்சினிலிருந்து வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க எஞ்சின் தானாகக் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். வண்டி பத்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால் வேலை முடிந்துவிடும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நகரம் வரை போனால் போதும்.

பூன் லே பிளேஸ் சந்தைக்கு, பிள்ளையின் பள்ளிக்கு, ஜூரோங் பாயிண்டுக்கு, திரும்ப வீட்டுக்கு என்று மட்டும் ஓடும் வண்டியில் இது நடக்காது. எரிப்பு தொடங்கும்போதே நீங்கள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த நாள் மறுபடி தொடங்குகிறது, மறுபடி அணைகிறது. எரியாமல் போன டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் அளவுக்கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஓட ஓட எண்ணெய் சற்றுக் குறைவதுதான் இயல்பு. இங்கே மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும், தண்ணீர்போல் ஓடும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். அந்த எண்ணெய்தான் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றும் டர்போவையும் காக்க வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்க மறுக்கும். புதிதாக மாற்றுவதென்றால் சில ஆயிரம் வெள்ளி. பல ஆண்டு மிச்சம் ஒரே பட்டறைச் சீட்டில் போய்விடும்.

செலவுக்கு அஞ்சி அந்த வடிகட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் புகைக்குழாய் அமைப்பை மாற்றுவது இங்கே குற்றம். அதைவிடப் பெரிய விஷயம் அந்தப் புகை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் முதல் வகுப்பில் சேர்த்தது. உற்பத்தியாளர் சொல்லும் அளவையும் கண்ணை மூடி நம்ப வழியில்லை; 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் சோதனைக் கூடத்துக்கு ஒரு முகமும் சாலைக்கு ஒரு முகமும் காட்டும் மென்பொருளை உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது வெளிப்பட்டது. பூன் லே ஏற்கனவே தொழிற்பேட்டையின் வாசலில் இருக்கும் ஊர். கனரக வண்டிகளின் புகை போதும். புளோக்கின் கீழே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும்போது அந்தக் கரி இரண்டாம் மாடியில் உறங்கும் குழந்தையின் சன்னலுக்குப் போகிறது என்பதை நினையுங்கள்.

தூரமாக ஓட்டுபவர்களுக்கும் இன்று டீசல்தான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஹைபிரிட் கார் நகரத்தில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்தால், முன்சொன்ன விலைகளில் 40,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 5,180 வெள்ளி. டீசலுக்கு 5,260 வெள்ளியும் மேலே சிறப்பு வரி 440 வெள்ளியும். நெரிசலில் நிற்பதும் நகர்வதுமாக ஓடும்போது டீசல் தடுமாறும், ஹைபிரிட்டுக்கோ அதுவே பலம். மின்கலம் பழுதானால் செலவுண்டு, அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். நெடுஞ்சாலையிலேயே மலேசியாவுக்கு அடிக்கடி போய்வருபவர் ஒருவருக்கு மட்டும் டீசல் இன்னமும் முந்தி நிற்கும்.

இனி சி.ஓ.இ. முடியப்போகும் டீசல் கார் வைத்திருப்பவர்கள். புதுப்பிக்கத் தடையில்லை. சி.ஓ.இ. விலையின் மூன்று மாதச் சராசரித் தொகையைக் கட்டினால் பத்தாண்டு. அதில் பாதி கட்டினால் ஐந்தாண்டு, அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது. பத்தாம் ஆண்டு நிறைவதற்குள் வண்டியை ஒப்படைத்திருந்தால் கிடைத்திருக்கும் கூடுதல் பதிவுக் கட்டணத்தின் 50 விழுக்காடு, புதுப்பித்ததும் கைவிட்டுப் போகும். சாலை வரி பதினோராம் ஆண்டில் 10 விழுக்காடு கூடி, பதினைந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை ஏறும். பரிசோதனை ஆண்டுதோறும் வரும், டீசலுக்குப் புகைச் சோதனையும் சேர்த்து. 2023 அக்டோபரில் ஏ பிரிவு சி.ஓ.இ. 106,000 வெள்ளியைத் தொட்டது. அந்த அளவில் புதுப்பித்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் தேய்மானம் மட்டுமே. அதன் முன்னால் 15,000 கிலோமீட்டர் ஓட்டி மிச்சம் பிடிக்கும் 440 வெள்ளி எந்த மூலைக்கு? எந்த எரிபொருள் என்பதைவிட, எந்த விலையில் எத்தனை ஆண்டுக்கு எடுக்கிறீர்கள் என்பதே உங்கள் பணத்தைத் தீர்மானிக்கிறது. டீசல் மிச்சத்தைக் காட்டிப் புதுப்பிக்கச் சொல்பவரின் பேச்சை இந்த ஒரு கணக்கே நிறுத்திவிடும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், இப்போது ஓட்டும் வண்டியின் ஓட்டமானியில் சென்ற ஓராண்டுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பராமரிப்புச் சீட்டுகளில் அந்த எண் இருக்கும். 15,000க்குக் கீழே என்றால் டீசலுக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் என்றால், உங்கள் ரசீது விலையை வைத்துப் பெட்ரோல், டீசல், ஹைபிரிட் மூன்றையும் சிறப்பு வரியோடு ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பார்க்கப்போகும் வண்டியின் புகைக்குழாய் ஓரத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள். வடிகட்டி சரியாக உள்ள வண்டியில் அது ஏறத்தாழச் சுத்தமாக இருக்கும். கருப்பு அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது வடிகட்டியே இல்லை. விற்பனையாளரைச் சாராத பட்டறை ஒன்றில் வடிகட்டியில் எவ்வளவு கரி, கடைசியாக எப்போது முழுதாக எரிந்தது என்பதைக் கணினியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நல்ல நிலையில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் பதறி விற்க வேண்டாம். சி.ஓ.இ. முடியும் வரை ஓட்டுங்கள், வாரம் ஒருமுறையாவது விரைவுச்சாலையில் அரைமணி நேரம் போய்வாருங்கள், குறித்த எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள், நிற்கும்போது அணையுங்கள். நடுவில் விற்பதானால், வண்டி பெரும்பாலும் குறுந்தூரமே ஓடியதா, வடிகட்டி எப்போதாவது அடைத்ததா என்பதை வாங்குபவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் இதே வட்டாரத்துக்காரராக, முதல் கார் வாங்கும் இளையராக இருப்பார். பராமரிப்புச் சீட்டுகள் அத்தனையையும் அவர் கையில் கொடுங்கள்.